நாலாவது தடத்துக்காரி

ராஜாவும் இல்லாத ராணியும் இல்லாத, சங்கு ஊதினால் எழுந்து சங்கு ஊதினால் தின்று சங்கு ஊதினால் படுக்கிற ஒரே ஒரு ஊரிலே, ஒரு அக்காளும் ஒரு தங்கச்சியும் இருந்தார்களாம். ஊரின் பேர் சுண்ணாம்புக்குழி. மலையைத் தோண்டி மாவாக்கி மூட்டை கட்டுகிற சிமெண்ட் கம்பெனி தன் வேலையாட்களுக்குக் கட்டிக்கொடுத்த காலனிதான் ஊர். அங்கே வேப்பிலையும் வெள்ளை, காக்கையின் முதுகும் வெள்ளை, காலையில் காயப்போட்ட கறுப்புப் பாவாடையைச் சாயங்காலம் எடுத்தால் அதுவும் வெள்ளை. அத்தனை வெள்ளைக்கும் நடுவே ஒரே ஒரு நீலம் இருந்தது. கடற்கரை ஊரிலிருந்து வந்த முதல் மேனேஜர், கடலைப் பார்க்காமல் தூக்கம் வரவில்லை என்று கட்டிவைத்த நீச்சல் குளம் அது. மேனேஜர் மாற்றலாகிப் போனார், குளம் தங்கிவிட்டது.

அக்காள் தமயந்தி, தங்கச்சி சந்திரலேகா. லேகா என்று கூப்பிடுவார்கள். அப்பா கோவிந்தராசு சூளையில் வேலை, அம்மா பவுனாம்பாள் கம்பெனி கேண்டீனில் சோறு வடிக்கிறவள். தமயந்திக்குத் தண்ணீர் என்றால் பயம், கணுக்கால் நனைந்தாலே கத்துவாள். லேகாவோ நடக்கப் பழகிய காலில் தண்ணீருக்கு ஓடினவள். பி.டி. மாஸ்டர் ஆசீர்வாதம் சார் அவளை ஒருநாள் கரையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்தப் பொண்ணு வேகத்துக்கு ஆகாது, தூரத்துக்கு ஆகும்" என்று சொன்னார். தூரம் என்றால் குளத்தின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக முப்பது நீளம். கையை மாற்றி மாற்றி வீசி, வலது பக்கம் முகத்தைத் திருப்பி ஒரு மிடறு காற்று குடித்து, சுவர் வந்ததும் தண்ணீருக்குள்ளேயே கரணம் போட்டுக் காலால் உதைத்துத் திரும்பி, அதே கை, அதே மூச்சு, அதே சுவர். பார்க்கிறவர்களுக்கு முதல் ஐந்து நீளத்திலேயே கொட்டாவி வந்துவிடும்.

ஒரு குறை மட்டும் இருந்தது. எண்ணத் தொடங்கினால் லேகாவின் கை கனத்துவிடும். இத்தனை முடிந்தது, இத்தனை மிச்சம் என்று மனசுக்குள் ஓடினாலே வேகம் விழுந்துவிடும். பெரிய ஊர்களில் சுவருக்கு அருகே தண்ணீருக்குள் எண் பலகை காட்டுவார்கள். லேகாவுக்குக் கிட்டப்பார்வை, பலகை என்ன, பலகையைப் பிடித்திருக்கிற ஆளே அவளுக்குப் புகைதான். அப்போதுதான் தமயந்தி அந்த வார்த்தையைச் சொன்னாள். "நீ எண்ணாத புள்ள. எண்றது என் வேலை. மணி கேக்குற வரைக்கும் நீ பாட்டுக்குப் போயிட்டே இரு." நெடுந்தூரப் பந்தயத்தில் கடைசி இரண்டு நீளம் மிச்சமிருக்கையில் மணி அடிப்பது எங்கும் உள்ள வழக்கம். தமயந்தி மடியில் புளியங்கொட்டைகளைக் குவித்துக்கொண்டு கரையில் உட்காருவாள். ஒரு நீளத்துக்கு ஒரு கொட்டை வலது பக்கத்திலிருந்து இடது பக்கம் போகும். சரியான கொட்டை வந்ததும் கையைத் தூக்குவாள், மணி அடிக்கும், லேகா ஒரு பேய் பிடித்தவளைப் போலக் கடைசி இரண்டு நீளத்தையும் கடந்து சுவரைத் தொடுவாள்.

இப்படியே அவர்கள் ஊர் ஊராகப் போனார்கள். ரயிலில் கக்கூஸ் ஓரம் துண்டை விரித்துப் படுத்து, அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றை இரண்டு வேளைக்கு வைத்துத் தின்று, மாவட்டத்தில் முதலாவது, மண்டலத்தில் முதலாவது, மாநிலத்தில் மூன்றாவது, அடுத்த வருஷம் இரண்டாவது. லேகாவின் தோள் அகன்றது. குழாயடியில் பெண்கள், "மூட்டை தூக்குறவன் தோள் மாதிரி ஆயிப்போச்சே பவுனு, இவளை யாருடி கட்டுவான்?" என்பார்கள். "மூட்டை தூக்குறவனாப் பார்த்துக் கட்டிவைக்கிறேன், வீட்டுல ரெண்டு சம்பளம் வரும்" என்று பவுனாம்பாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். லேகாவின் தலைமுடியில் எந்நேரமும் பிளீச்சிங் பவுடர் வாசனை. தமயந்தி தன் தட்டச்சு வகுப்பை விட்டுவிட்டாள், கேட்டதற்கு, "ஒரு வீட்டுல ஒருத்தி ஓடினா போதும், இன்னொருத்தி எண்ணட்டும்" என்று சிரித்தாள்.

அந்த வருஷம் மாநிலப் போட்டியைக் கம்பெனி தன் குளத்திலேயே நடத்தியது. முதலாவது வருகிறவளுக்கு ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை நிச்சயம் என்று பேச்சு. கோவிந்தராசுவின் நெஞ்சு அப்போதே தூசி அடைத்து விசிலடிக்கத் தொடங்கியிருந்தது. அவர் வேலையைவிட்டு நின்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். ஆகவே நாலு பேர் தலைக்கு மேல் கூரை அந்த முப்பது நீளத்தில் இருந்தது. வேகமானவளுக்கு நடுத்தடம் கொடுப்பது வழக்கமாகையால் லேகாவுக்கு நாலாவது தடம். கம்பெனியின் பந்தய மணி எப்போதோ கிளப்பில் தொலைந்துபோய், வருஷா வருஷம் காலனிப் பிள்ளையார் கோயில் கைமணியைத்தான் இரவல் வாங்குவார்கள். சாமி மணியைப் பிறத்தியார் கையில் கொடுக்க மாட்டேன் என்று பூசாரி சிதம்பரப் பண்டாரமே குளித்துத் திருநீறு பூசி மணியோடு வந்து, தமயந்திக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்.

பந்தயம் தொடங்கியது. பாதி தூரத்தில் லேகா முன்னால். முக்கால் தூரத்தில் இரண்டாவதாக வந்தவள் பின்னால் நுரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசீர்வாதம் சார் கையில் இருந்த துண்டை முறுக்கி முறுக்கி நூலாக்கிவிட்டார். தமயந்தியின் வலது பக்கத்தில் ஒரு சிறங்கைக் கொட்டைகூட மிச்சமில்லை. அப்போது சங்கு ஊதியது.

நேரத்துக்கு ஊதினால் ஷிப்ட். நேரம் கெட்டு ஊதினால் உள்ளே யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று சுண்ணாம்புக்குழியில் கைக்குழந்தைக்கும் தெரியும். குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களும் ஒரே உடம்பாக எழுந்தார்கள். ஒருத்திக்குப் புருஷன் உள்ளே, ஒருத்திக்கு மகன் உள்ளே, தமயந்திக்கு அப்பா உள்ளே. மடியிலிருந்த கொட்டைகள் சிதற அவள் எழுந்து ஓடினாள். கடிகாரம் பிடித்திருந்த கம்பெனிக்காரர்களும் கடிகாரத்தோடு ஓடினார்கள். மெயின் கேட்டில் கூட்டம் நெரித்தது. உள்ளேயிருந்து சொன்னார்கள், சூளை வாயில் கதிர்வேல், பொசுங்கிக் கரிக்கட்டையாகிவிட்டான். கோவிந்தராசு வெள்ளை மாவுக்குள் இரண்டு கண்ணாக வெளியே வந்தார். தமயந்தி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், கதிர்வேல் பெண்டாட்டி பொற்கொடி தரையில் விழுந்து புரள்கிற இடத்துக்கு நாலு அடி தள்ளி நின்று, நம் அப்பா இல்லை, நம் அப்பா இல்லை என்று சந்தோஷத்தில் அழுதாள். அந்த அழுகை முடிந்த பிறகுதான் அவளுக்குக் குளம் ஞாபகம் வந்தது.

அவள் திரும்பி வந்தபோது மற்றப் பெண்கள் தங்கள் எண்ணிக்கையைத் தாங்களே எண்ணி முடித்துக் கரையேறித் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். நாலாவது தடத்தில் மட்டும் கை சுழன்றுகொண்டிருந்தது. பண்டாரம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார், மணியின் நாக்கை விரலால் இறுக்கிப் பிடித்தபடி.

"அடிங்க பண்டாரம்! ஏன் அடிக்கல?"

"எப்படிம்மா அடிப்பேன்? ஊருக்குள்ள பொணம் கெடக்குது. எடுக்குற வரைக்கும் சாமி மணி சத்தம் கேக்கக் கூடாது. உனக்குத் தெரியாததா?"

தெரியாததில்லை. அந்த ஊரில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். மணியை அடித்திருந்தால், பொற்கொடி அழுகிற நேரத்தில் இவர்களுக்குக் கேளிக்கை கேட்கிறதா என்று அவரைத்தான் ஏசியிருப்பார்கள். ஒரு சாவுக்கு மரியாதை செய்து ஊரே வாய்மூடி நின்ற அந்தச் சிறுபொழுதில், லேகா தன் முப்பதாவது நீளத்தைக் கடந்து, சுவரை உதைத்துத் திரும்பிவிட்டாள்.

முதலில் கத்தினார்கள். பிறகு காலனியின் நல்ல நீச்சல்காரர்கள் இரண்டு பேர் குதித்து ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். ஓடுகிற ரயிலின் கம்பியைப் பிடித்தவர்களைப் போல இழுபட்டுப்போய், எதிர்ச்சுவரில் கைவிட்டு, தண்ணீர் குடித்து இருமிக்கொண்டு ஏறினார்கள். கயிறு போட்டார்கள், கயிறு நழுவியது. கதிர்வேலுக்குக் காரியமெல்லாம் முடிந்து கோயில் கழுவி நடை திறந்ததும் பண்டாரம் ஓடிவந்து, தோள்பட்டை விட்டுப்போகிற மட்டும் மணியை ஆட்டினார். லேகாவின் கை ஒரு பிடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆசீர்வாதம் சார் தண்ணீரைப் பார்த்தபடியே, "போதும் பண்டாரம். அடிக்க வேண்டிய இடம் தாண்டிப் போயாச்சு. இனி எங்க அடிச்சாலும் அது அவளுக்கு வேற யாருக்கோ அடிக்கிற மணி" என்று சொல்லிவிட்டு, முறுக்கின துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். போட்டிக்காரர்கள் இரண்டாவது வந்தவளுக்கு மாலை போட்டார்கள். பந்தயத்தை முடிக்காதவளுக்கு எந்த ஊரிலும் பதக்கம் கிடையாது.

ரயில்வேயிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நல்ல மனிதர்கள். கரையில் நின்று வெகுநேரம் பார்த்தார்கள். "இந்த மாதிரி கை நான் பார்த்ததில்லைங்க" என்றார் பெரியவர். "ஆனா வேலையில சேரணும்னா ஆபீசுக்கு வந்து நிக்கணுமே. முடிச்சதும் அனுப்பிவைங்க, எப்ப முடிச்சாலும் சரி." பவுனாம்பாள் அவர்களுக்குக் காப்பி கொடுத்தாள். அவர்களும் போனார்கள்.

அப்புறம் ஊர் என்ன செய்யும்? சங்கு ஊதுகிறது, வேலைக்குப் போக வேண்டும். முதல் வாரம் காலனி முழுதும் கரையில் கிடந்தது, அடுத்த வாரம் பாதி, பிறகு வேலைக்குப் போகிறவர்கள் போகிற வழியில் எட்டிப் பார்த்துவிட்டு, "போறாளா?" "போறா" என்று இரண்டு வார்த்தையோடு நடந்தார்கள். டீக்கடையில், "கம்பெனியில ஷிப்ட் முடியாத ஒரே ஆளு நம்ம லேகாதான்யா, ஓவர்டைம் கணக்குப் பார்த்தா மேனேஜரையே விலைக்கு வாங்கிடலாம்" என்று யாராவது சொல்வார்கள், ஒருவர் சிரிப்பார், கோவிந்தராசு உள்ளே வந்தால் எல்லோரும் டம்ளருக்குள் பார்ப்பார்கள். கோடை வகுப்புக்கு வந்த பிள்ளைகளுக்கு மற்றத் தடங்களைக் கொடுத்தார்கள். நாலாவதில் இறங்கினால் அறை விழும் என்பது அவர்களுக்குச் சொல்லாமலே தெரிந்தது. அந்தச் சளப் சளப் சத்தம் காலனிக்கு எவ்வளவு பழகிவிட்டதென்றால், வெளியூருக்குக் கல்யாணமாகிப் போன பெண்கள் முதல் ராத்திரி தூக்கம் பிடிக்காமல், புருஷனிடம் காரணம் சொல்லத் தெரியாமல், பாத்ரூம் குழாயைச் சொட்ட விட்டுவிட்டுப் படுத்தார்களாம்.

பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் நாலாவது தடத்தின் குதிமேடையைத் தொட்டுக் கும்பிட்டார்கள். பிள்ளை இல்லாதவர்கள் மஞ்சள் கயிறு கட்டினார்கள். தாய்மாமன் தன் மகனைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்டுத் தட்டோடு வந்தார். "முறைப் பொண்ண விட்டுற முடியுமா, அக்கா? முடிச்சுட்டு ஏறுனதும் வெச்சுக்குவோம்" என்று தாம்பூலத்தைக் கரையில் வைத்தார். பையன் நல்லவன், கொஞ்ச காலம் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து, அவள் மூச்சு வாங்க முகத்தைத் திருப்புகிற பக்கமாக நின்று, தலையை வாரிக்கொண்டான். அப்புறம் அவன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டபோது யாரும் கோபப்படவில்லை. அவன் முதல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, "அத்தையப் பாரு" என்று குளத்தைக் காட்டினான்.

பவுனாம்பாள் சும்மா இருக்கவில்லை. கேண்டீன் கரண்டியை நீள மூங்கிலில் கட்டி, கஞ்சியை ஆற்றி நிரப்பி, கரையோடு மகளுக்கு இணையாக நடந்து, அவள் வாய் திறந்து காற்று குடிக்கிற அந்தக் கண்ணிமைப்பில் உள்ளே கவிழ்ப்பாள். ஆரம்பத்தில் பாதி தண்ணீரோடு போயிற்று. பழகப் பழக ஒரு பருக்கை சிந்தவில்லை. நோன்புக்கஞ்சி, பொங்கலுக்குப் பால்சோறு, தீபாவளிக்குக் கேசரி. "இன்னிக்கு உப்பு கொஞ்சம் தூக்கல்டி, கோவிச்சுக்காத" என்று பேசிக்கொண்டே நடப்பாள். ஒரு பக்கம் போகும்போது லேகாவின் முகம் கிழக்குக் கரைக்குத் தெரியும், திரும்பி வரும்போது மேற்குக் கரைக்கு. அம்மா கிழக்கைத்தான் பிடித்துக்கொண்டாள். நீச்சல் கண்ணாடிக்குள் அந்தக் கண் தன்னைப் பார்த்ததாக ஒவ்வொரு நாளும் வீட்டில் வந்து சொன்னாள். கிட்டப்பார்வைக்காரிக்கு என்ன தெரியும் என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை.

தமயந்தி எண்ணினாள். அது அவள் வேலை. எந்த எண்ணில் என்று தெரியாவிட்டாலும், ஏதோ ஒரு எண்ணில் தங்கச்சி நிற்பாள் என்றும், அந்த நேரம் தான் கரையில் இல்லாமல் போனால் மறுபடியும் அதே கதையாகிவிடும் என்றும் பயந்து, கொட்டைகளைக் கூடையில் எண்ணி, கூடையை மூட்டையில் எண்ணி, அம்மா வந்து மாற்றிவிட்டால்தான் வீட்டுக்கு வருவாள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் ஒன்றே ஒன்று சொன்னாள், "காலனியை விட்டு வர மாட்டேன்." கம்பெனி எலெக்ட்ரீஷியன் செல்வகணபதி அதற்கு ஒத்துக்கொண்டான். அப்பா வேலையைவிட்டு நின்றதும் எல்லோரும் அவன் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்தார்கள். குளத்து மோட்டாரைப் பார்த்துக்கொள்வதும் அவனே.

ஒரு சாயங்காலம் பொற்கொடி வந்தாள். கதிர்வேல் போன பிறகு கம்பெனி அவளுக்குப் பெருக்குகிற வேலை கொடுத்திருந்தது. துடைப்பத்தை மதிலில் சாய்த்துவிட்டுத் தமயந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எத்தனை ஆச்சு?"

தமயந்தி ஒரு கொட்டையை இடது பக்கம் தள்ளினாள்.

"கேட்டாக் குத்தமா? என் புருஷன் செத்த நாளை இந்த ஊருல ஒருத்தரும் ஞாபகம் வெச்சுக்கல. மணி அடிக்காத நாளுன்னுதான் சொல்றாங்க. அவன் செத்ததே உன் தங்கச்சிக்காகன்னு ஆயிப்போச்சு."

"நான் அப்படி நினைக்கலக்கா."

"நினைச்சே. அன்னிக்கு கேட்டுல உன்னப் பார்த்தேன்டி. உன் அப்பன் கழுத்தக் கட்டிக்கிட்டுச் சிரிச்சியே."

"அழுதேன்."

"அது அழுகையா?" பொற்கொடி தண்ணீரைப் பார்த்தாள். லேகா தெற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டிருந்தாள். "எனக்கு உன் மேல கோவம் இல்ல. என் வீட்டுல ஒருத்தன் ஒரேயடியா நின்னுட்டான். உன் வீட்டுல ஒருத்தி நிக்கவே மாட்டேங்குறா. எது தேவலைன்னு நான் தினமும் இதப் பார்த்துக்கிட்டே பெருக்குறேன். எனக்கு வெளங்கல." அவள் எழுந்து துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

வருஷங்கள் மூட்டைகளாகப் போயின. நீச்சலுடையின் சாயம் தண்ணீரோடு போய், லேகா எந்த உடை உடுத்தியிருக்கிறாள் என்பதே தெரியாமல் தண்ணீர் நிறமாகிவிட்டாள். தொப்பி இற்று மிதந்தது, தலைமுடி வளர்ந்து பின்னால் ஒரு கொடி மாதிரி இழுபட்டது, அதில் ஒன்றிரண்டு வெள்ளை. கோவிந்தராசு ஒருநாள் இருமத் தொடங்கி இருமலோடு போனார். அடுத்த வருஷம் பவுனாம்பாள், கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தவள், அப்படியே சுவரில் சாய்ந்தாள்.

இளைய மகளும் வாய்க்கரிசி போட வேண்டுமே என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். கடைசியில் பாடையை மயானத்துக்குப் போகிற வழியில் குளத்துக்குள் திருப்பினார்கள். கிழக்குக் கரை ஓரமாக, லேகா அந்தப் பக்கம் முகம் திருப்பிப் போகிற நீளத்தில், அவளுக்கு இணையாகத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். நடை போதாமல் ஓட வேண்டியிருந்தது. பிணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது என்று ஒருவர் முணுமுணுத்தார், ஆனாலும் நால்வரும் ஓடினார்கள், பாடை ஆட, சாமந்திப் பூ தண்ணீரில் சிதற. லேகா முகத்தைத் திருப்பினாள், வாய் திறந்தாள், காற்று குடித்தாள், முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள். அந்த ஒரு நீளத்தில் அம்மாவைப் பார்க்க அவளுக்கு எத்தனையோ தடவை வாய்த்தது. சுவரில் திரும்பினாள். அவள் முகம் இப்போது மேற்குக் கரைக்கு. அங்கே யாரும் இல்லை.

மறுநாள் தமயந்தி மூங்கில் கரண்டியை எடுத்தாள். அவளுக்கு அந்தக் கை வரவில்லை. கஞ்சி மூக்கில் விழுந்தது, தண்ணீரில் விழுந்தது, ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை. ஒரு வாரம் முயன்றாள். பட்டினியால் தங்கச்சி தளர்ந்துவிடுவாள், தளர்ந்தால் நின்றுவிடுவாள் என்று உள்ளுக்குள் ஒரு ஆசைகூட வந்தது, வந்ததற்காகத் தலையில் அடித்துக்கொண்டாள். லேகா தளரவில்லை. ஊட்டினாலும் ஊட்டாவிட்டாலும் அதே கை, அதே மூச்சு. அப்படியானால் இத்தனை வருஷம் அம்மா யாருக்கு ஊட்டினாள்? அன்றைக்குக் கூடையைத் தேடினால் எந்த மூட்டை எந்தக் கணக்கு என்று குழம்பிப்போயிருந்தது. அவள் கொட்டைகளை வேப்பமரத்தடியில் கொட்டிவிட்டு வந்தாள். எண்ணுவதை விட்டாள். ஆனால் கரையை விடவில்லை.

அதன்பின் மலை தீர்ந்தது. தோண்டத் தோண்டக் கல்லுக்குப் பதில் சேறு வந்தது. கம்பெனி முதலில் ஒரு சூளையை அணைத்தது, பிறகு இன்னொன்றை. யூனியனும் நிர்வாகமும் எல்லாவற்றிலும் சண்டை போட்டு, குளத்து மோட்டாரை மட்டும் நிறுத்தக் கூடாது என்பதில் கைகுலுக்கிக்கொண்டன. ஆனால் சங்கே நின்றுபோன பிறகு மோட்டாரை யார் பார்ப்பது? கதவைக் கழற்றியவர்கள், ஜன்னலைக் கழற்றியவர்கள், முருங்கை மரத்தை வெட்டிப் போகிற ஊரில் நடப் போத்து எடுத்துக்கொண்டவர்கள் என்று வீடு வீடாகக் காலனி காலியாயிற்று. போகிறவர்கள் எல்லோரும் கடைசியாகக் குளத்துக்கு வந்து, தமயந்தியிடம் ஏதோ சொல்ல வாயெடுத்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பொற்கொடி மகனோடு திருப்பூருக்குப் போனாள். பண்டாரம் பிள்ளையாரைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். ஆசீர்வாதம் சார் எப்போதோ கல்லறைக்குப் போய்விட்டிருந்தார்.

செல்வகணபதிக்கு ஆந்திராவில் ஒரு சிமெண்ட் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. இரண்டு தடவை தவணை கேட்டுத் தள்ளிப்போட்டான். மூன்றாவது தடவை அவர்கள், வந்தால் வா, இல்லையென்றால் வேறு ஆள் என்றார்கள். கரண்ட் கம்பியும் அறுக்கப்பட்டுவிட்டது. குடிக்கத் தண்ணீர் இல்லாத வீட்டில் மகள் அபிராமி பள்ளிக்கூடமும் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நான் உன்னக் கட்டும்போது ஒத்துக்கிட்டதை மீறல தமயந்தி," என்றான் அவன். "காலனியை விட்டு வர மாட்டேன்னு சொன்னே. சரின்னேன். இப்ப காலனி எங்க இருக்கு, நீயே காட்டு."

அவள் பாத்திரங்களைக் கோணியில் கட்டத் தொடங்கினாள்.

லாரியில் சாமான் ஏற்றிய மத்தியானம், அவள் குளத்துக்குத் தனியாகப் போனாள். நீலமென்று சொல்ல அங்கே ஒன்றும் மிச்சமில்லை. தண்ணீர் பாசிப் பச்சையாகி, பாதிக்கு இறங்கி, ஓரத்தில் தவளை முட்டையிட்டிருந்தது. அந்தப் பச்சையைக் கிழித்துக்கொண்டு லேகா போய்க்கொண்டிருந்தாள். அவள் போகிற தடத்தில் மட்டும் பாசி படியவில்லை.

தமயந்தி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். ஏணியைப் பிடித்து ஒரு படி இறங்கினாள், கணுக்கால் நனைந்தது, கத்தவில்லை. ஆழம் குறைந்த பக்கத்தில் தண்ணீர் இடுப்பு மட்டும்தான் நின்றது. நாலாவது தடத்தின் முனையில், சுவரில் முதுகு படும்படி நின்றுகொண்டாள். தூரத்தில் நுரை தெரிந்தது. அவள் இரண்டு கையையும் விரித்தாள்.

"லேகா, போதும்டி. பந்தயம் முடிஞ்சிருச்சு. நீதான் முதல்ல வந்தே. எல்லாரும் போயாச்சு, வா, நாமளும் போலாம்."

நுரை நெருங்கியது. தலை தெரிந்தது, வலதுபக்கம் திரும்பிய முகம் தெரிந்தது, கோடு விழுந்த கன்னமும் வெளுத்த உதடும் பாசி பிடித்த கண்ணாடியும் தெரிந்தன. அக்காளின் விரல் தங்கச்சியின் தலையைத் தொட ஒரு முழம் இருந்தபோது, லேகா தண்ணீருக்குள் மடங்கினாள், கரணம் போட்டாள். இரண்டு உள்ளங்கால்கள் தமயந்தியின் நெஞ்சில் பதிந்தன. ஐஸ் போலக் குளிர்ந்த, வழுவழுவென்ற கால்கள். உதைத்தன. அவள் முதுகு சுவரில் மோதி, மூச்சு நின்று, பாசித் தண்ணீர் வாய்க்குள் போயிற்று. கண் தெளிந்து பார்த்தபோது லேகா பாதிக் குளம் போய்விட்டாள். ஒரு நல்ல சுவரிலிருந்து ஒரு நல்ல நீச்சல்காரி புறப்படுகிற மாதிரி, நேராக, அழகாக.

அவள் நகரவில்லை. லேகா மறுபடி வந்தாள். மறுபடி அதே கால், அதே இடம். அதில் கோபம் இல்லை, தெரிந்துகொண்ட அடையாளமும் இல்லை. மூன்றாவது தடவை தமயந்தி கூப்பிடவில்லை. கால்கள் வந்து பதிந்தபோது இரண்டு கையாலும் அவற்றைப் பொத்திக்கொண்டாள், குளிப்பாட்டுகிற குழந்தையின் பாதத்தைப் பொத்துவது போல. அவை ஒரு நொடி அவள் கைக்குள் இருந்தன. பிறகு இல்லை.

மகள் அபிராமி கேட் பக்கமிருந்து, "அம்மா, லாரிக்காரர் திட்டுறாரு" என்று கத்தினாள்.

தமயந்தி ஏறினாள். புடவையைப் பிழிந்தாள், பிழியப் பிழியப் பச்சையாக வந்தது. செல்வகணபதி பாதி தூரம் எதிரே வந்து, அவள் நனைந்திருப்பதைப் பார்த்துத் திகைத்து, "என்ன ஆச்சு?" என்றான்.

"ஒண்ணுமில்ல. நீங்க போய் அவகூட ஏறி உக்காருங்க, வண்டி கேட்டைத் தாண்டி நிக்கட்டும். நான் வரேன்."

அவன் போனான். லாரி கிளம்பி, வெள்ளைப் புழுதியைக் கிளப்பி, கேட்டைத் தாண்டி நின்றது. புழுதி அடங்குகிற வரைக்கும் அவள் நின்றாள். பின்னால் சத்தம் அருகே வந்தது, சுவரில் திரும்பியது, தூரமாகப் போயிற்று. மூச்சு இழுக்கும்போது நெஞ்சில் இரண்டு இடம் வலித்தது. அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கூரை இல்லாத வீடுகளுக்கு நடுவே, கேட்டைப் பார்த்து நடந்துபோனாள்.